வருடம் முழுக்க ஓட வேண்டிய அரங்கத்துக்குக் காலி நாட்கள் எதற்கு?

நகரத்துக்குச் சொந்தமான ஒரு மாநாட்டு, கண்காட்சி, கேளிக்கை வளாகத்தின் நிர்வாகப் பொறுப்பை ஏற்கப்போகும் நண்பர் ஒருவர் கேட்டது இது: முதல் வருடம் எப்படிப் போகும்? பணம் எதில் வரும்? எதில் தூக்கம் போகும்? வருடத்தில் எத்தனை நாளை நிரப்பிக் காட்டினால் நல்ல நிர்வாகம் என்று சொல்வார்கள்? புக்கிங், அரங்கச் செயல்பாடு இரண்டு பக்கமும் வேலை பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் மற்ற எல்லாமே அதைப் பிடித்துத்தான் நிற்கின்றன. 365 நாளையும் நிரப்பும் எண்ணத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். கண்காட்சிக் கூடங்களுக்கு இந்தத் தொழிலில் நெடுநாளாகப் புழங்கிவரும் கணக்கு ஒன்று இருக்கிறது. பரப்பையும் நாளையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 70 விழுக்காடுதான் நடைமுறையில் எட்டக்கூடிய உச்சம். 50 முதல் 60 விழுக்காடு வரை நிரம்பினாலே கூடம் நன்றாக ஓடுகிறது என்று பொருள். மீதி எங்கே போகிறது? பண்டிகை நாட்களில் மாநாடு நடத்த யாரும் வருவதில்லை. ஒரு நிகழ்ச்சி செவ்வாயன்று முடிந்து அடுத்தது வெள்ளியன்று உள்ளே வந்தால், இடையில் மாட்டிக்கொண்ட இரண்டு நாளில் எதுவும் பொருந்தாது. பராமரிப்புக்கு நாள் வேண்டும். இவற்றையும் மீறி 80, 85 என்று ஒரு வளாகம் கணக்குக் காட்டினால், அது எதையோ தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறது என்று நான் சந்தேகப்படுவேன்.

நாம் வாடகைக்கு விடுவது இடத்தை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் விற்பது தேதியை. விற்காமல் போன மார்ச் 14-ஐ ஏப்ரலில் எடுத்து விற்க முடியாது. அதனால்தான் விற்பனைப் பிரிவுக்கு எப்போதும் பதற்றம், காலியாக ஒரு நாள் தெரிந்தாலே கை துறுதுறுக்கும். அந்தப் பதற்றத்துக்கும் கட்டடத்தின் தேவைக்கும் நடுவில் நிற்பதுதான் உங்கள் வேலை.

தேதி எப்படிக் கைமாறுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். யாராவது ஒரு தேதியைக் கேட்டால் உடனே ஒப்பந்தம் போடுவதில்லை. முதல் ஹோல்டு, இரண்டாம் ஹோல்டு என்று, தேதியைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்தவர்களை வரிசையாக எழுதி வைப்போம். இரண்டாவதாக நிற்பவர் அட்வான்ஸோடு தயாராக வந்துவிட்டால், முதலில் நிற்பவருக்குத் தகவல் போகும். இரண்டு மூன்று நாள் கெடுவுக்குள் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் விட்டுக்கொடுக்க வேண்டும். இந்த விதியை எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்துங்கள். செல்வாக்குள்ள ஒருவருக்காக ஒரே ஒரு முறை வளைத்தால் போதும், அடுத்த சீசனில் உங்கள் ஹோல்டுப் பட்டியலை யாரும் நம்ப மாட்டார்கள்.

பெரிய மருத்துவச் சங்க மாநாடுகள் மூன்று, ஐந்து, சில சமயம் அதற்கும் கூடுதலான வருடங்களுக்கு முன்பே தேதி கேட்கும். இசை நிகழ்ச்சிகளோ சில மாதங்களுக்கு முன்புதான் கதவைத் தட்டும். நகர நிர்வாகத்துக்கு முந்தையவைதான் முக்கியம், ஏனென்றால் வெளியூரிலிருந்து வந்து ஹோட்டலில் நாலு நாள் தங்குகிறவர்கள் அவற்றில்தான் இருக்கிறார்கள். அதனால் பல நகரங்கள் ஒரு முன்னுரிமைக் கொள்கையை எழுதி வைத்திருக்கின்றன: ஏறத்தாழ 18 மாதங்களுக்கு அப்பால் உள்ள தேதிகள் வெளியூர்க் கூட்டத்தைக் கொண்டுவரும் மாநாடுகளுக்கு, அதற்கு உள்ளே வந்துவிட்டால் உள்ளூர் விற்பனைக் கண்காட்சி, கச்சேரி, விருந்து என்று யாருக்கும். நீங்களும் இப்படி ஒன்றை எழுதி, வளாகத்தின் நிர்வாகக் குழுவில் ஒப்புதல் வாங்கி, எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிடுங்கள். பாதி சச்சரவு அங்கேயே தீரும்.

மாநாட்டையும் கேளிக்கையையும் ஒரே வளாகத்தில் வைத்ததற்குக் காரணமே காலண்டர்தான். மாநாடு திங்கள் முதல் வியாழன் வரை. கச்சேரியும் விளையாட்டும் வெள்ளி, சனி, ஞாயிறு. பள்ளி விடுமுறையில் மாநாடுகள் அடங்கும், குடும்பங்கள் பார்க்கும் நிகழ்ச்சிகள் ஏறும். காகிதத்தில் அழகாகப் பொருந்தும். நடைமுறையில் வியாழன் மதியம் மூன்று மணிக்கு, பக்கத்துக் கூடத்தில் இருதய நோய் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது, இந்தப் பக்கம் கச்சேரிக்கான சவுண்ட் செக் (ஒலி ஒத்திகை) தொடங்கும். நடுவில் இருக்கும் மடக்குச் சுவர் பேச்சுக் குரலைத் தடுக்கும். ‘பாஸ்’ எனும் தாழ்ந்த அதிர்வொலியைத் தடுக்காது. அது தரை வழியாகவும் கூரைச் சட்டம் வழியாகவும் போய்ச் சேரும். எந்தச் சுவரை நம்பியும் பலனில்லை. எத்தனை மணிக்கு முன்னால் ஒலி கூடாது என்பதை இரு தரப்பு ஒப்பந்தத்திலும் எழுதுவது ஒன்றுதான் வழி. கையெழுத்து ஆன பிறகு போய்க் கெஞ்சினால் யாரும் கேட்க மாட்டார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

வருடத்தின் உண்மையான பளு நிகழ்ச்சி நாட்களில் இல்லை. மூன்று நாள் தொழிற்கண்காட்சி என்றால் கூடம் எட்டு நாள் வரை அவர்கள் கையில் இருக்கும். தரையில் கட்டம் கட்டமாகச் சுண்ணாம்புக் கட்டியால் ஸ்டால் எல்லை குறிப்பதில் தொடங்கும். அதன் பிறகு மின்சாரம்: தரைக்குழிகளின் மூடியைத் திறந்து, ஒவ்வொரு ஸ்டாலுக்கும் கேபிள் இழுத்து, அதன் மேல்தான் கம்பளம் வரும். வரிசை மாறினால் போட்ட கம்பளத்தைக் கிழிக்க வேண்டியிருக்கும். கனமான இயந்திரங்கள் முதலில், லாரிகள் சரக்கு இறக்கும் லோடிங் டாக்குக்கு எதிர்ப்புறக் கடைசியில் இருக்கும் ஸ்டாலுக்குப் போவது எல்லாவற்றுக்கும் முன்னால். எந்த லாரி எத்தனை மணிக்கு என்ற பட்டியல் கையில் இல்லாவிட்டால் காலை பத்து மணிக்குள் சாலை வரை வண்டிகள் நிற்கும். பிரிக்கும் நாள் இதைவிட மோசம்: மூன்று நாளில் வந்ததெல்லாம் ஒரே ராத்திரியில் வெளியே போகத் துடிக்கும், எல்லோரும் களைத்திருப்பார்கள், ஃபோர்க்லிஃப்ட் விபத்துகளுக்கு அதுதான் நேரம். ராத்திரி பிரித்து விடியலில் அடுத்தவரை உள்ளே விடலாம் என்று விற்பனைப் பிரிவு கேட்டால், ஆட்களின் பெயரைப் போட்டு ஷிஃப்ட் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். அநேகமாக ஒரே ஆள் இரண்டு ஷிஃப்டிலும் இருப்பார்.

விளையாட்டு அரங்கு பக்கம் இதே வேலை மணிக்கணக்கில் நடக்கும். ஐஸ் ஹாக்கி ஆடும் அரங்கைக் கூடைப்பந்துக்கு மாற்ற ஐஸை உருக்குவதில்லை. ஏறக்குறைய ஒரு அங்குலத் தடிமன் ஐஸ், அதன் மேல் வெப்பம் கடத்தாத பலகைகள், அதன் மேல் துண்டு துண்டாகப் பூட்டும் மேப்பிள் மரத் தளம். அன்று மாலையே கூடைப்பந்து. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் பல பத்தாண்டுகளாக இப்படித்தான் இரு அணிகளையும் ஓட்டுகிறது. அங்கே முடிகிறது என்றால் அதற்குப் பின்னால் வருடக்கணக்கில் அதே வேலையைச் செய்து பழகிய குழு இருக்கிறது. முதல் வருடக் குழுவிடம் அந்த வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

மின்கட்டணத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய வளாகங்களின் பில் யூனிட் கணக்கில் மட்டும் வருவதில்லை. மாதத்தில் ஏதோ ஒரு 15 அல்லது 30 நிமிடத்தில் நீங்கள் இழுத்த உச்ச மின்சுமைக்குத் தனிக் கட்டணம் உண்டு. திறப்பு நாள் காலையில் எல்லா சில்லர்களையும் (ஏசிக்கான குளிரூட்டும் இயந்திரங்கள்) ஒரே நேரத்தில் முடுக்கினால், அந்த அரை மணி நேரத்துக்கு மாதம் முழுக்கப் பணம் கட்டுவீர்கள். ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு, விடியலுக்கு முன்பே தொடங்குவது பழக்கமாக வேண்டும். அமைக்கும் நாட்களிலும் பிரிக்கும் நாட்களிலும் டாக் கதவுகள் திறந்தே கிடக்கும், அப்போது முழு ஏசி கிடையாது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கட்டும்.

தூக்கம் எதில் போகும் என்று கேட்டீர்கள். கூரை, கதவு, தீ. இதே வரிசையில் சொல்கிறேன்.

கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் சிவிக் சென்டர் 1975-ல் திறந்தது. 1978 ஜனவரி 18 விடியற்காலையில், பனியின் பாரத்தில் அதன் கூரை மொத்தமாக உள்ளே விழுந்தது. சில மணி நேரத்துக்கு முன்புதான் சுமார் 5,000 பேர் அதே இடத்தில் உட்கார்ந்து கூடைப்பந்து ஆட்டம் பார்த்துவிட்டு வீடு போயிருந்தார்கள். ஒருவருக்கும் காயமில்லை என்பது முழுக்க நேரத்தின் தயவு. விசாரணையில் தெரிந்தது: கூரைச் சட்டத்தின் மேல்பகுதிக் கம்பிகளுக்குப் போதிய பக்கவாட்டுப் பிடிப்பு இல்லை, கட்டும்போதே கூரை கணக்கில் சொன்னதைவிட இரு மடங்கு தொய்ந்திருந்தது, அதைச் சிலர் எடுத்துச் சொல்லியும் இருக்கிறார்கள். அங்கே பனி, உங்களிடம் அந்தப் பாரம் ரிக்கிங்காக, அதாவது கூரையிலிருந்து கருவிகளைத் தொங்கவிடுவதாக வரும். பெரிய இசைப் பயணக் குழுக்கள் ஒலி, ஒளி, திரை என்று பல பத்து டன்னைக் கூரையிலிருந்து தொங்கவிடுகின்றன. எந்தப் புள்ளியில் எவ்வளவு எடை என்ற வரைபடம் நிகழ்ச்சிக்கு வாரக்கணக்கில் முன்பே வந்து, கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். லாரி வந்து நின்ற பிறகு காட்டப்படும் வரைபடத்துக்கு மதிப்பில்லை. கூரையை ஏறிப் பார்க்க வருடத்துக்கு ஒரு முறையாவது கூடம் காலியாக இருக்க வேண்டும். போல்ட், வெல்டு, நீர்க்கசிவு எல்லாம் கீழே இருந்து தெரியாது.

அடுத்தது கதவு. 1979 டிசம்பர் 3, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ரிவர்ஃபிரண்ட் கொலீசியம், ஒரு ராக் கச்சேரி. பெரும்பாலான டிக்கெட்டுகளில் இருக்கை எண் கிடையாது, முந்தியவருக்கு முன்வரிசை. ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள், உள்ளே சவுண்ட் செக் கேட்கிறது, நிகழ்ச்சி தொடங்கிவிட்டதாக நினைத்துக் கூட்டம் தள்ளுகிறது. திறந்தவை சில கதவுகள் மட்டுமே. 11 பேர் இறந்தார்கள். மேடையில் ஒரு பாட்டும் பாடப்படாத நேரம் அது. எனவே எத்தனை கதவு, எத்தனை மணிக்கு, ஒவ்வொன்றிலும் யார் என்பதை வெறும் செலவாகப் பார்க்காதீர்கள். வாசல் ஆட்களைக் குறைத்து மிச்சம் பிடிக்க வருகிற யோசனை எதையும் ஏற்காதீர்கள்.

வெளியேறும் நேரத்துக்கும் அதே ஆட்கள் வேண்டும். மான்செஸ்டர் அரீனாவில் 2017 மே 22 அன்று 22 பேரைக் கொன்ற குண்டுவெடிப்பு, நிகழ்ச்சி முடிந்து மக்கள் வெளியேறிக்கொண்டிருந்தபோது, அரங்குக்கு வெளியே இருந்த கூடத்தில் நடந்தது. பாதி செக்யூரிட்டி ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரம் என்று நம் தொழிலில் பலரும் நினைக்கும் நேரம் அது. அதன் தொடர்ச்சியாக, பொது இடங்களை நடத்துகிறவர்களுக்குப் பாதுகாப்புக் கடமைகளை விதிக்கும் சட்டம் பிரிட்டனில் 2025-ல் நிறைவேறியது.

கொள்ளளவைப் பற்றி ஒரு சொல். ‘இந்தக் கூடத்தில் எத்தனை பேர் பிடிக்கும்’ என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 101 என்ற உயிர்ப் பாதுகாப்பு விதிப்படி நெருக்கமாக நாற்காலி போட்டால் ஆளுக்கு சுமார் 0.65 சதுர மீட்டர், மேசையும் நாற்காலியும் என்றால் சுமார் 1.4. அதாவது மேடை போக 1,000 சதுர மீட்டர் மிஞ்சினால் கருத்தரங்குக்கு ஏறத்தாழ 1,500 பேர், விருந்துக்கு 700 பேர். வெளியேறும் வழிகளின் அகலம் அதைவிடக் குறைவாகச் சொன்னால் அந்தக் குறைந்த எண்தான் செல்லும். 250 பேருக்கு ஒருவர் என்ற அளவில் பயிற்சி பெற்ற கூட்டக் கண்காணிப்பாளர் வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. உங்கள் நாட்டு விதி வேறாக இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு இருக்கை அமைப்புக்கும் தனித்தனிக் கொள்ளளவை எழுதி, விற்பனைப் பிரிவின் மேசையில் ஒட்டிவிடுங்கள்.

தீயைப் பற்றி சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸ் ஒன்றே போதும். 1960-ல் திறந்த, கான்கிரீட்டும் எஃகுமான அந்தக் கட்டடம் எரியாது என்றே பலரும் நம்பினார்கள். 1967 ஜனவரியில், வீட்டு உபயோகப் பொருட்களின் கண்காட்சிக்காகக் கூடம் நிரம்பியிருந்தபோது, அதிகாலையில் ஸ்டால்களுக்குப் பின்னால் தீப்பிடித்தது. கட்டடம் எரியாமல் இருக்கலாம். உள்ளே வைத்த மரம், பிளாஸ்டிக், அட்டைப்பெட்டி எரிந்தது. தீக்காப்புப் பூச்சு இல்லாத எஃகுக் கூரை சூட்டில் வளைந்து விழுந்தது. கண்காட்சிக் கூடத்தில் ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் தானே நீர் தெளிக்கும் அமைப்பு) இல்லை, தீயணைப்புக்கான சில ஹைட்ரண்டுக் குழாய்களில் தண்ணீர் வரவில்லை. ஒரு காவலர் இறந்தார். மறுபடி கட்டித் திறக்க 1971 ஆனது. ஆகவே காலி அட்டைப்பெட்டிகளை ஸ்டாலுக்குப் பின்னால் ஒளித்து வைக்க விடாதீர்கள். ராத்திரி ஸ்டால் மின்சாரத்தை அணையுங்கள். ஹைட்ரண்டைத் திறந்து தண்ணீர் வருவதைக் கண்ணால் பார்க்க ஒரு தேதி குறியுங்கள்.

அதே மெக்கார்மிக் பிளேஸில் வேறொரு விஷயமும் நடந்தது. 2023 அக்டோபரில் ஒரே இரவில் ஆயிரத்தை நெருங்கும் எண்ணிக்கையில் வலசைப் பறவைகள் அதன் ஏரிக்கரைக் கண்ணாடிச் சுவரில் மோதி இறந்தன. மறுவருடம் கண்ணாடி முழுக்கச் சிறு புள்ளிகள் கொண்ட படலம் ஒட்டினார்கள், மோதல்கள் வெகுவாகக் குறைந்தன. புதுக் கட்டடங்கள் எல்லாம் இப்போது கண்ணாடியால்தான் எழும்புகின்றன. வரைபடம் மேசையில் இருக்கும்போதே இதைக் கேட்பது மிகச் சிறிய செலவு.

இனி பணம். வாடகைதான் பெரிய வரவு என்று எல்லோரும் நினைப்பார்கள். பல வளாகங்களில் உணவும் பானமும் வாடகைக்குச் சமமாகவோ மேலாகவோ நிற்கும். ஸ்டால்களுக்கு விற்கும் மின்சாரம், இணையம், ரிக்கிங் சேவை, பார்க்கிங், டிக்கெட்டின் மேல் வரும் அரங்கக் கட்டணம், பெயர் உரிமை, விளம்பரம் இவையெல்லாம் சேர்ந்துதான் வருடம் ஓடும். அதனால்தான் பெரிய மாநாட்டுக்கு வாடகையைத் தள்ளுபடி செய்துவிட்டு, இத்தனை பேருக்கு உணவு என்று உறுதி வாங்குகிறார்கள்.

கச்சேரியில் கணக்கு வேறு மாதிரி. குறைந்தபட்ச வாடகை, அல்லது டிக்கெட் வசூலில் ஒரு பங்கு, எது அதிகமோ அது. நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே பின்பக்க அறையில் செட்டில்மென்ட் நடக்கும். சுவர் அதிர்ந்துகொண்டிருக்கும், மேசையின் ஒரு பக்கம் நிகழ்ச்சி அமைப்பாளரின் கணக்காளர், மறுபக்கம் நம் ஆள். இலவச டிக்கெட் எத்தனை, கூடுதலாகக் கேட்ட செக்யூரிட்டிக்கு யார் செலவு, ஓவர்டைம் எந்த மணியிலிருந்து என்று வரிவரியாகப் போகும். ஒவ்வொரு வரிக்கும் அன்று பகலில் கையெழுத்தான ஒரு தாள் இருந்தால் அரை மணியில் முடியும். இல்லையென்றால் லாரிகள் கிளம்பிய பிறகும் முடியாது, விட்டுக்கொடுப்பது நாமாகத்தான் இருக்கும். உங்கள் முதல் நியமனங்களில் ஒன்று, இந்த அறையில் பொறுமையாக உட்காரத் தெரிந்தவராக இருக்கட்டும்.

இதற்கெல்லாம் பிறகும் வருடக் கணக்கில் பற்றாக்குறை விழ வாய்ப்பு அதிகம், கட்டடத்துக்கு வாங்கிய கடனைச் சேர்த்தால் நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். பல நகரங்கள் ஹோட்டல் வரியைக் கொண்டு இதைத் தாங்குகின்றன. ஆர்லாண்டோ அமைந்துள்ள ஆரஞ்சு கவுண்டி, அறை வாடகை மீது விதிக்கும் 6 விழுக்காடு சுற்றுலா வரியிலிருந்துதான் தன் மாநாட்டு மையத்துக்குப் பணம் தருகிறது. இந்த ஏற்பாடு சரியா என்ற விவாதமும் உண்டு. ஹேவுட் சாண்டர்ஸ் என்ற ஆய்வாளர் 2005-ல் புரூக்கிங்ஸ் நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையில், நகரங்கள் போட்டி போட்டுக் கூடம் கட்டுகின்றன, அந்த அளவுக்கு மாநாடுகளுக்குத் தேவை வளரவில்லை என்று வாதிட்டார். அவர் பேச்சில் நியாயம் இருப்பதாக நான் கருதுகிறேன். ஆகவே ‘நகரத்துக்கு இவ்வளவு கோடி பொருளாதாரப் பயன்’ என்று ஊதிப் பெருக்கிய எண்களைக் குழுவில் வைக்காதீர்கள். வெளியூர்க்காரர்கள் உண்மையில் எத்தனை இரவு தங்கினார்கள் என்று ஹோட்டல்களிடமிருந்து கேட்டு வாங்கி, அதை மட்டும் வையுங்கள். எண் சிறியதாக இருந்தாலும் கேள்வி வந்தால் அது தாங்கும்.

நகரம் ஒரு நாள் உங்கள் கூடத்தை வேறு எதற்காவது கேட்கும், அதற்கும் தயாராக இருங்கள். 2017-ல் ஹார்வி புயல் வெள்ளத்தின்போது ஹூஸ்டனின் ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு மையத்தில் சுமார் 10,000 பேர் தங்கினார்கள். 2020 ஏப்ரலில் லண்டனின் எக்ஸெல் கண்காட்சி மையம் நைட்டிங்கேல் மருத்துவமனையாகத் திறந்தது. ஆயிரம் பேர் குளிக்க வசதி எங்கே, ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும், உள்ளே பொருட்களை வைத்திருக்கும் கண்காட்சிக்காரருக்கு யார் பதில் சொல்வது என்பதைப் புயல் எச்சரிக்கை வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது. தவிர்க்க முடியாத காரணத்தால் நிகழ்ச்சி ரத்தானால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்ற பிரிவை வக்கீலோடு உட்கார்ந்து சொல் சொல்லாகப் படியுங்கள். 2020-க்கு முன்பு அந்தப் பத்தியை யாரும் சரியாகப் படித்ததில்லை.

கேட்டதற்குப் பதிலை, செய்ய வேண்டிய வேலையாகச் சொல்வதென்றால், விற்பனைப் பிரிவுக்குக் காலண்டரைத் திறந்துவிடுவதற்கு முன் நீங்களும் தலைமைப் பொறியாளரும் உட்கார்ந்து நாட்களைப் பிடித்து வையுங்கள். கூரைக்கு ஒரு வாரம், சில்லர், கூலிங் டவருக்குக் குளிர்ந்த மாதத்தில் ஒரு வாரம், மடக்குச் சுவர்களின் தண்டவாளத்துக்கும் தரைக்குழிகளுக்கும் சில நாட்கள், தீயணைப்புத் துறையோடு சேர்ந்து ஒத்திகைக்கு ஒரு நாள். அவற்றைக் ‘காலி’ என்று குறிக்காமல், ஒரு வாடிக்கையாளர் போல வேலையின் பெயரைப் போட்டு, உறுதியான புக்கிங்காகவே பதியுங்கள். யாராவது அந்தத் தேதியைக் கேட்டால் மாற்றுத் தேதி கொடுத்த பிறகுதான் நகர்த்தலாம் என்றும், நகர்த்த உங்கள் கையெழுத்தோடு பொறியாளரின் கையெழுத்தும் வேண்டும் என்றும் விதி எழுதுங்கள். அக்டோபர் அளவில், நல்ல வாடகையோடு ஒருவர் வந்து அதில் ஒரு வாரத்தைக் கேட்பார். அந்தத் தாளில் இரண்டாவது கையெழுத்துக்கு இடம் இருப்பது அப்போது உங்களுக்கு உதவும்.